பழியை மழை மேல் போட்டாச்சு!

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் சென்னையை இரண்டு நாள் புரட்டிப் போட்டுவிட்டு ஆந்திரப் பக்கம் போய், 5ஆம் தேதி பாபட்லா அருகே கரையைக் கடந்தது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றதை எல்லா டி.வி.யிலும் காட்டினார்கள். வட சென்னையில் எர்ணாவூர், எண்ணூர் பக்கம் வீட்டுக்குள் வந்த தண்ணீர் வேறு மாதிரி இருந்தது. கறுப்பாக, பிசுபிசுவென்று, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு. தண்ணீர் வடிந்த பிறகு, வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது என்று யாரும் டேப் வைத்து அளக்க வேண்டியிருக்கவில்லை. சுவரில் எண்ணெயே கோடு போட்டு வைத்திருந்தது.

அந்த எண்ணெய் மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, அங்கிருந்து கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்துக்கும், பிறகு கடலுக்கும் போனது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் என்று வரிசையாக மீனவ ஊர்கள். படகு, வலை, அலையாத்திச் செடியின் வேர் எல்லாவற்றிலும் தார் பூசியது போல ஒரு பூச்சு. சாம்பல் கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெயாகி நின்றன. கடலுக்குள் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் படலம் தெரிந்ததாகக் கடலோரக் காவல்படை சொன்னது.

யார் காரணம்? மணலியில் இருக்கும் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலையின் பக்கம் எல்லா விரலும் நீண்டது. குழாய் எதிலும் கசிவு இல்லை, வரலாறு காணாத வெள்ளம்தான் காரணம் என்ற ரீதியில் நிறுவனத்தின் பதில் வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆய்வு செய்துவிட்டுச் சொன்னது இது: ஆலை வளாகத்துக்குள் மழைநீர் மேலாண்மை போதவில்லை, தாழ்வான இடங்களில் தேங்கியிருந்த எண்ணெயை வெள்ளம் அடித்துக்கொண்டு வெளியே போயிருக்கிறது.

இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதல் பதில் வெள்ளத்தைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது, வெள்ளம் வருவதற்கு முன்பே எண்ணெய் அங்கே இருந்தது என்கிறது. குழாய் வெடிக்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். அப்படியானால் நிலைமை இன்னும் மோசம் அல்லவா? குழாய் வெடிப்பு ஒரு விபத்து. தரையில் எண்ணெய் தேங்கிக் கிடந்தது, தினசரி நடைமுறை!

மழை மேகத்தில் எண்ணெய் கிடையாது. இது எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் "மழைத்தண்ணியோட வந்திருச்சு சார்" என்ற ஒரே வாக்கியம் காப்பாற்றிவிடுகிறது. அது ஏன் செல்லுபடியாகிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால், ஆலைக்குள் தண்ணீர் எந்தெந்த வழியாக ஓடுகிறது என்று கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

ஒரு சுத்திகரிப்பு ஆலையில் தண்ணீருக்கு இரண்டு பாதைகள். ஒன்று, எண்ணெய் கலந்த கழிவுநீர் போகும் பாதை. பம்ப் அடியில் சொட்டுவது, டேங்க்கின் அடியில் தங்கும் தண்ணீரை இறக்குவது, கழுவிவிடுவது எல்லாம் இதில் போய், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சேரும். இரண்டாவது, மழைநீர் வடிகால். கூரையிலும் ரோட்டிலும் காலி இடத்திலும் விழும் மழை இதில் ஓடி நேராக வெளியே போய்விடும். அது "சுத்தமான" தண்ணீர், அதைச் சுத்திகரிக்க வேண்டாம் என்பது கணக்கு. காகிதத்தில் இந்த இரண்டு பாதைகளும் தண்டவாளம் மாதிரி ஒன்றையொன்று தொடவே தொடாது.

தரையில் கதை வேறு. லாரியில் எண்ணெய் ஏற்றும் இடத்தில் தினமும் நாலு சொட்டு. வால்வு கேஸ்கெட் தேய்ந்த இடத்தில் நாலு சொட்டு. குழாய்களைப் பிரித்து ரிப்பேர் பார்க்கும்போது அரை பக்கெட். வெயில் காலத்தில் இது யார் கண்ணையும் உறுத்தாது. கான்கிரீட் கறுப்பாகிறது, ஓரமாக உள்ள மண் குடித்துக்கொள்கிறது. முதல் பெரிய மழை வந்ததும் இத்தனை மாதச் சொட்டும் மொத்தமாகக் கிளம்புகிறது. அதனால்தான் மழையின் முதல் அரை மணி நேரத்துத் தண்ணீரைத்தான் மிக அழுக்கானது என்று உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். அதைத் தனியாகப் பிடித்து வைக்க வேண்டும் என்பதும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை.

அடுத்தது டேங்க் பண்ணை. ஒவ்வொரு பெரிய எண்ணெய் டேங்க்கையும் சுற்றி ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். டேங்க் உடைந்தாலும் உள்ளிருக்கும் எண்ணெய் அந்தச் சுவருக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பதற்காகக் கட்டியது. அதில் மழைத்தண்ணீர் தேங்குமே, என்ன செய்வது? அதற்கு ஒரு வால்வு. அது எப்போதும் மூடியே இருக்க வேண்டும். மழை நின்ற பிறகு ஒரு ஆள் போய், தண்ணீர் மேல் எண்ணெய் மினுக்கம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மழைநீர் வடிகாலுக்கும், இருந்தால் கழிவுநீர்ப் பாதைக்கும் திறந்துவிட வேண்டும். முடிந்ததும் மூட வேண்டும்.

மொத்த ஏற்பாடும் நட்டநடு ராத்திரி, கொட்டும் மழையில், ஒரு ஆபரேட்டர் டார்ச் லைட் எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பாரா மாட்டாரா என்பதில் தொங்குகிறது! (ஆபரேட்டரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. தண்ணீர் அளவுக்கு மீறி ஏறினால் காலி டேங்க் மிதந்து பெயர்ந்துவிடும் என்ற பயம் நிஜமானது. அவருக்கு இரண்டு பக்கமும் இடி. அப்படி ஒரு நிலையில் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தும் வடிவமைப்பைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.)

சரி, வெளிவாயிலில் எண்ணெயைப் பிரிக்கத் தொட்டி இருக்குமே? இருக்கும். எண்ணெய் மிதக்கும், தண்ணீர் கீழே நிற்கும், மேலே சேர்வதை வழித்து எடுக்கலாம். அடுப்படியில் குழம்பு ஆறினதும் மேலே எண்ணெய் திரள்வது போலத்தான். இதில் ஒரே ஒரு நிபந்தனை: ஆற வேண்டும். நேரம் வேண்டும்.

எவ்வளவு நேரம்? ப்ளஸ் டூ இயற்பியலில் வரும் ஸ்டோக்ஸ் விதி போதும். பழைய பாணி செபரேட்டர் தொட்டிகளை 150 மைக்ரான் விட்டமுள்ள எண்ணெய்த் துளிகளை மனதில் வைத்து வடிவமைப்பார்கள். தண்ணீரை விடப் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்த எண்ணெய் என்றால், அந்தத் துளி நொடிக்கு ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் மேலே ஏறும். 2 மீட்டர் ஆழத் தொட்டியில் அடியிலிருந்து மேலே வர அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. துளி 20 மைக்ரான் என்றால்? வேகம் விட்டத்தின் இருமடிப்படி குறையும். அதே 2 மீட்டர் ஏற ஒரு நாள் முழுக்க ஆகிவிடும்.

இப்போது புயல் மழை. அரை மணி நேரம் தங்கிப் போக வேண்டிய தண்ணீர் ஐந்து மடங்கு வேகத்தில் வருகிறது. ஆறு நிமிடத்தில் தொட்டியைக் கடந்துவிடுகிறது. வளாகத்தில் தேங்கியதை மோட்டார் வைத்து இறைத்துவிட்டால் இன்னும் விசேஷம். பம்ப்பின் சுழற்சியில் எண்ணெய் மோர் கடைந்தது போலப் பொடிப்பொடித் துளிகளாகிவிடும். அது மிதந்து மேலே வருவதற்குள் கால்வாயைத் தாண்டிக் கடலே வந்துவிடும். இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. தொட்டி நிரம்பி வழிந்தால், முந்தைய மாதங்களில் பிரித்து மேலே தேக்கி வைத்திருந்த எண்ணெய்தான் முதலில் வழிந்து போகும். பிடித்த திருடனையெல்லாம் ஒரே நாளில் ஜெயில் கதவைத் திறந்து விட்ட கதை.

ஆக, மழை குறைவாகப் பெய்யும் நாளில் வேலை செய்து, நிறையப் பெய்யும் நாளில் படுத்துவிடும் கருவியை மழைநீருக்கான பாதுகாப்பு என்று வைத்திருக்கிறார்கள்! இது வெயிலுக்கு மட்டும் விரிந்து மழை வந்தால் மடங்கும் குடை.

இனி விதிகள் பக்கம். சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986இன்படி உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரை இருக்கலாம். கடலோர நீரில் விட்டால் 20. சுத்திகரிப்பு ஆலைகளின் கழிவுநீருக்கு 2008இல் இன்னும் கறாராக 5 என்று வைத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. லிட்டருக்கு என்ற அந்த ஒரு சொல்லில்தான் சூட்சுமம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தொழிற்சாலை வளாகம். ஒரே நாளில் 300 மில்லிமீட்டர் மழை. மொத்தம் 3 லட்சம் கன மீட்டர் தண்ணீர், அதாவது 30 கோடி லிட்டர். எல்லாத் தண்ணீரும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் சமர்த்தாக நிற்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். 30 கோடியை 10ஆல் பெருக்கி மில்லிகிராமைக் கிலோவாக மாற்றினால் 3,000 கிலோ வரும். மூன்று டன் எண்ணெய், ஒரே நாளில், ஒரு விதியையும் மீறாமல்! மழை அதிகமாக அதிகமாக எண்ணெய் நீர்த்துப்போகும், அளவீடு அழகாகும், ஆலை நல்ல பிள்ளை ஆகும். ஆற்றுக்குப் போன எண்ணெய் மட்டும் குறையாது. நண்டுக்கும் இறாலுக்கும் லிட்டர் கணக்கு தெரியாது. மொத்தம் எத்தனை கிலோ வந்து சேற்றில் படிந்தது என்பதுதான் அதற்கு விஷயம்.

எண்ணெயின் இன்னொரு குணம் பரவுவது. மினுமினுவென்று தெரியும் மெல்லிய படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். அந்தக் கணக்கில் ஒரு லிட்டர் எண்ணெய் 10,000 சதுர மீட்டரை மூடிவிடும். இரண்டரை ஏக்கர் குளம். இது ஒன்றும் புதுச் செய்தி இல்லை. அமெரிக்க டாலரில் சிரிக்காமல் பார்க்கிறாரே பெஞ்சமின் ஃப்ராங்க்ளின், அவர் லண்டனில் கிளாப்ஹம் குளத்தில் ஒரு டீஸ்பூன் அளவு எண்ணெய் ஊற்றி அரை ஏக்கர் வரை தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆனதை எழுதி, 1774இல் ராயல் சொசைட்டி இதழில் அது வெளிவந்தது. எண்ணெயைத் தேட நவீன கருவி கட்டாயமில்லை. கண் போதும். பார்க்க வேண்டிய இடத்தில், பார்க்க வேண்டிய நேரத்தில் அந்தக் கண் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கேதான் கண்காணிப்பு என்ற பெயரில் நடக்கும் கூத்து. மிகவும் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களில் ஆன்லைன் கண்காணிப்புக் கருவிகளை வைக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவு போட்டது. நல்ல காரியம். ஆனால் அந்த உத்தரவு குறிவைத்தது சுத்திகரிப்பு நிலையத்தின் வெளிவாயிலையும் புகைபோக்கியையும். மழைநீர் வடிகாலின் வாய் அந்தப் படத்திலேயே இல்லை. முன்வாசலில் சி.சி.டி.வி. வைத்துவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து போட்ட வீடு.

சாம்பிள் எடுப்பது இன்னொரு கதை. எண்ணெய் மேலே மிதக்கும் என்று இவ்வளவு நேரம் பேசியாயிற்று. பாட்டிலை நடு ஆழத்தில் அமுக்கி எடுத்தால் என்ன வரும்? சுத்தமான தண்ணீர் வரும்! மேற்பரப்பை மட்டும் வழித்தால் உண்மைக்கு மேல் காட்டும். தண்ணீர் விழுந்து புரளும் இடத்தில்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலின் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், அதனால் கண்ணாடிப் பாட்டில். அந்தப் பாட்டிலையும் அதே தண்ணீரால் முன்கூட்டி அலசக் கூடாது. அலசினால் ஒட்டியிருக்கும் எண்ணெயும் சேர்ந்து கணக்கில் வந்துவிடும். லேபில் பாட்டில் முழுவதையும் ஹெக்ஸேனில் பிரித்தெடுக்க வேண்டும். பாதியை ஊற்றிச் சோதித்தால் மீதி சுவரிலேயே நிற்கும். இவ்வளவும் சரியாகச் செய்தாலும், ஹெக்ஸேனை ஆவியாக்கும் கட்டத்தில் பெட்ரோல் மாதிரி லேசான பகுதிகள் கூடவே பறந்துவிடும். கனமானதுதான் எடைக்கு மிஞ்சும். ஆக, "எண்ணெய் 4 மில்லிகிராம்" என்று ரிப்போர்ட்டில் ஒரு எண் இருந்தால், அதை எடுத்தது யார், எங்கே, எந்தப் பாட்டிலில், எந்த மழை ஆரம்பித்து எத்தனையாவது நிமிடத்தில் என்று கேட்காமல் அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. மாதம் ஒரு முறை, வெயில் அடிக்கும் நல்ல நாளாகப் பார்த்து எடுத்த சாம்பிள் புயலைப் பற்றி என்ன சொல்லும்?

இது ஏதோ முடியாத காரியம் போலப் பேசுபவர்கள் உண்டு. அவர்கள் ஒரு கப்பலின் எஞ்சின் அறையை எட்டிப் பார்க்கலாம். கப்பலின் அடித்தட்டில் சேரும் எண்ணெய்த் தண்ணீரைக் கடலில் விடுவதற்கு மார்போல் என்ற சர்வதேச உடன்படிக்கையில் வரம்பு இருக்கிறது: பத்து லட்சத்தில் 15 பங்கு. 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் என்றால் வரம்பும் போதாது. வெளியே போகும் தண்ணீரை ஒரு கருவி தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், 15ஐத் தாண்டிய உடனே அலாரம் அடிக்க வேண்டும், வால்வு தானாக மூடிக்கொள்ள வேண்டும். எண்ணெயை எப்போது, எங்கே, எவ்வளவு கையாண்டோம் என்று ஒரு பதிவேடும் எழுத வேண்டும். அதில் பொய் எழுதி மாட்டிக்கொண்ட எஞ்சினியர்கள் வெளிநாட்டு ஜெயிலுக்கே போயிருக்கிறார்கள்.

நடுக்கடலில், ஆடுகிற கப்பலில், நாலு பேர் பார்த்துக்கொள்ளும் எஞ்சின் அறையில் அந்தக் கருவி வேலை செய்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையின் மழைநீர் வாயிலில், கெட்டித் தரையில், கரன்ட்டும் ஆட்களும் இருக்கும் இடத்தில் மட்டும் அது வேலை செய்யாதா? கப்பல் தண்ணீரில் புழுதியும் சருகும் அவ்வளவு இருக்காது, மழைநீரில் இருக்கும், சென்சார் அழுக்காகும் என்பார்கள். வாஸ்தவம். அப்படியானால் துடைக்க ஒரு ஆளைப் போட வேண்டும்! புற ஊதா ஒளியில் எண்ணெய் ஒளிர்வதை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவிகளும், தண்ணீர் மேல் தொடாமலே பார்த்து மினுக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளும் சந்தைக்கு வந்து வருடங்களாகிவிட்டன.

அமெரிக்காவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட ஒன்றுமில்லை. எண்ணெய் கொட்டியதில் அவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஆனாலும் தொழிற்சாலை மழைநீரைத் தனிக் கழிவாகவே அவர்கள் சட்டம் 1987லிருந்து பார்க்கிறது. அதன் கீழ் வரும் பொது அனுமதியில் ஒரு விதி அருமையானது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மழைநீர் வெளியேறத் தொடங்கிய முதல் 30 நிமிடத்துக்குள், ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நிறம், வாடை, கலங்கல், நுரை, எண்ணெய் மினுக்கம். எழுதி வைக்க வேண்டும். செலவு என்ன? ஒரு பாட்டில், ஒரு குடை. நீர்நிலையில் எண்ணெய் மினுக்கம் தெரிந்தாலே அதைத் தேசிய மையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று இன்னொரு விதி. சோப்புக் கரைசல் போன்ற எதையாவது ஊற்றி மினுக்கத்தை மறைப்பதும் குற்றம். (அதையும் யாரோ செய்து பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது, இல்லாவிட்டால் விதியில் எழுத மாட்டார்கள்!)

நம் ஊரிலும் மழைநீருக்கு விதியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சில ரசாயனத் தொழில்களுக்கான மத்திய அரசு விதிகளில், மழைநீர் ஒரு பிளாஸ்டிக் தாள் விரித்த குழி வழியாகப் போக வேண்டும், அந்தக் குழி 10 நிமிட மழையைத் தாங்க வேண்டும் என்று இருக்கிறது. எந்த 10 நிமிடம்? மணிக்குச் சராசரியாகப் பெய்யும் மழையின் 10 நிமிடம். மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொண்டால், 300 மில்லிமீட்டரை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 12.5, பத்து நிமிடத்துக்கு 2 மில்லிமீட்டர் சொச்சம். அன்று பெய்த மழையில் நூற்றில் ஒரு பங்குகூட அந்தக் குழியில் நிற்காது. யானைக்குக் கோவணம் தைக்கக் கைக்குட்டை அளவு துணி எடுத்த மாதிரி.

அடுத்த சாக்கு, "வரலாறு காணாத மழை". சென்னைக்கு 2005 தெரியும், 2015 தெரியும். 2015 டிசம்பர் 1ஐ மறந்த சென்னைக்காரர் யாராவது இருக்கிறார்களா? எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஊரே மூழ்கியதைப் பார்த்த பிறகு, அந்த மழையைக் கணக்கில் எடுத்து வடிகாலையும் தேக்கக் குட்டையையும் பெரிதாக்காமல் இருந்துவிட்டு, 2023இல் வரலாறு காணாதது என்றால், பார்க்காதது வரலாறா, கண்ணா? மணலி ஆலை 1969லிருந்து அதே இடத்தில் இருக்கிறது. ஐம்பது வடகிழக்குப் பருவமழைக்கு மேல் பார்த்தாயிற்று. கடற்கரையோரத் தாழ்வு நிலம், பக்கத்தில் கால்வாய், வருடா வருடம் வங்கக் கடலில் புயல். இதில் எதிர்பாராதது என்று எதைச் சொல்வது?

சட்டமும் இந்தச் சாக்கை எப்போதோ மூடிவிட்டது. டெல்லியில் ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முழுப் பொறுப்பு என்ற கோட்பாட்டைக் கொண்டுவந்தது. ஆபத்தான தொழில் நடத்துபவர், அதனால் வரும் தீங்குக்கு விதிவிலக்கே இல்லாமல் பொறுப்பு. பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் இருந்த "கடவுளின் செயல்" என்ற ஓட்டை இதில் கிடையாது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010இன் 17ஆம் பிரிவும் விபத்து என்று வந்தால் தவறு நிரூபிக்கப்பட வேண்டிய அவசியமில்லை என்கிறது. சட்டத்தில் கடவுளுக்கு விடுதலை கிடைத்து நாற்பது வருடம் ஆகப் போகிறது. பிரஸ் ரிலீஸில் மட்டும் அவர் இன்னும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்.

செலவு ஆகுமே என்பார்கள். ஆகும்தான். பெரிய தேக்கக் குட்டை வெட்ட நிலம் வேண்டும், பழைய ஆலைக்குள் நிலம் இல்லை. இது உண்மையான சிக்கல், தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் எல்லாத் தண்ணீரையும் தேக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. டேங்க் பண்ணைத் தடுப்புச் சுவர்களுக்குள் 30 சென்டிமீட்டர் மழை நிற்க ஏற்கெனவே இடம் இருக்கிறது. டேங்க்கைப் புயலுக்கு முன்பே போதுமான அளவு நிரப்பி வைத்தால் மிதக்கும் பயமும் இல்லை. புயல் நாலு நாள் முன்பே சொல்லிவிட்டுத்தான் வருகிறது. அதற்குள் தரையில் தேங்கிய எண்ணெயை வழித்து, செபரேட்டரில் மிதப்பதை எடுத்து, சாக்கடையைச் சுத்தம் செய்து வைக்க முடியாதா? பள்ளிக்கூடத்துக்கு லீவு விடத் தெரிகிறது, தொட்டியைக் காலி செய்யத் தெரியவில்லை. வால்வுக்கு மோட்டார் வைத்து, கன்ட்ரோல் ரூமிலேயே திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று விளக்கு எரிய வைப்பது அந்த ஆலையின் கணக்கில் சில்லறைக் காசு.

செலவு பற்றிப் பேசும்போது மறுபக்கச் செலவையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் தமிழக அரசு அறிவித்த நிவாரணம்: பாதிக்கப்பட்ட 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. மொத்தம் 8 கோடியே 68 லட்சம். படகைக் கரையேற்றித் துடைத்து, வலையைத் தூக்கிப் போட்டு, புது வலை வாங்கி, எண்ணூர் மீன் என்றாலே மார்க்கெட்டில் முகம் சுளித்த காலம் முழுவதையும் இந்த 12,500இல் சமாளிக்க வேண்டும். ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் படகு கிடையாது, அதனால் படகுப் பணமும் கிடையாது. அவர்களுடைய கருவி சேறுதான். அந்தச் சேற்றில் இறங்கிய எண்ணெய் எத்தனை வருடம் இருக்கும் என்பதற்கு எந்த அரசாணையிலும் கட்டம் இல்லை.

எண்ணெயை அள்ளியதும் அவர்கள்தான். 2017 ஜனவரி 28 விடியற்காலை எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, பக்கெட்டால் அள்ளும் படங்களைப் பார்த்து ஊரே சிரித்தது, பிறகு வெட்கப்பட்டது. ஆறு வருடம் கழித்து அதே எண்ணூரில், மீனவர்கள் படகில் உட்கார்ந்து மக்கால் மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். தடுப்பு மிதவையும் உறிஞ்சும் எந்திரங்களும் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தன. கையுறை இல்லாமல், முகத்துக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்தவர்களின் படங்கள் இப்போதும் இணையத்தில் கிடக்கின்றன.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மழைநீரில் எண்ணெய் விடுவது சுத்திகரிப்பு ஆலை மட்டும் இல்லை. பஸ் டிப்போ, லாரி நிறுத்தம், ஆயில் மாற்றும் மெக்கானிக் கடை, பெட்ரோல் பங்க் என்று நகரம் முழுக்கச் சொட்டுகிறது. ஆனால் பழைய ஆயிலை ரோட்டோரம் ஊற்றும் மெக்கானிக்கிடம் எஞ்சினியர் படை கிடையாது, லேப் கிடையாது, சுற்றுச்சூழல் பிரிவு என்று ஒரு துறை கிடையாது. இதெல்லாம் இருக்கும் இடத்திலிருந்துதான் முதலில் கேட்க முடியும்.

கேட்க வேண்டியதும் அதிகமில்லை. மணலி தொழிற்பகுதியில் பக்கிங்காம் கால்வாயில் விழும் மழைநீர் வாய்கள் மொத்தம் எத்தனை, ஒவ்வொன்றும் எந்த வேலிக்குள்ளிருந்து வருகிறது என்று ஒரு வரைபடம். ஒவ்வொரு வாயிலும் கப்பலில் இருப்பது போல அலாரமும் தானாக மூடும் வால்வும். முதல் அரை மணி நேரத் தண்ணீரில் எடுத்த சாம்பிள். லிட்டருக்கு எவ்வளவு என்பதோடு, அன்று மொத்தம் எத்தனை கிலோ வெளியே போனது என்ற எண். அந்த எண், மழை பெய்த அன்றே, முகத்துவாரக்குப்பத்தில் ஒருவர் செல்போனில் பார்த்துவிட்டு இன்றைக்கு வலையை இறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் நேரத்துக்குள் வெளியே வர வேண்டும்.